மழைமானி நனையக் கூடாது

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆரம்பித்ததே இல்லை. எங்கள் துறைத் தலைவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். இணையதளத்தில் போடுவதற்கு. தலைப்பும் அவரே கொடுத்துவிட்டார்: "மாணவர் ஆய்வுகளும் சாதனைகளும்". ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு விரிவுரையாளர் தலையில் விழும் வேலை அது. இந்த வருடம் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டதால் நேராக வந்து என் தலையில் விழுந்தது.

"நீங்கதான் கதையெல்லாம் எழுதுவீங்களே. ஒரு பக்கம் எழுத மாட்டீங்களா?" என்றார்.

நான் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் கருவி அறைப் பொறுப்பாளர். பத்தொன்பது வருடமாக இதே அறை, இதே இரும்பு அலமாரிகள். திசைகாட்டி, அளவு நாடா, முக்காலி, நில அளவைத் தொலைநோக்கி எல்லாவற்றையும் மாணவர்களுக்குக் கொடுப்பதும், திரும்ப வாங்குவதும், திரும்பி வராததைத் தேடிப் போவதும் என் வேலை. கதை எழுதுவது என் சொந்தத் தலைவலி. இதுவரை ஏழு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. அவற்றை முழுசாகப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள். என் தங்கை முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் படித்துவிட்டு "சூப்பர்க்கா" என்பாள். நடுவில் என்ன நடந்தது சொல் பார்ப்போம் என்றால், "அதான் சூப்பர்னு சொல்லிட்டேனே" என்பாள்.

ஆக, நான் எழுதியதை வரி விடாமல் படித்த வாசகர் இந்த உலகத்தில் ஒருவர்கூட இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் இருந்திருக்கிறார். அது தெரியவந்த நாளில் இந்த ஒரு பக்கம் கைமீறிப் போய்விட்டது.

2

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது:

"எமது துறையின் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி, மாணவர் ஆய்வு மாநாட்டில் முதல் பரிசு வென்று பெருமை சேர்த்துள்ளார் என்பதைப் பெருமகிழ்ச்சியுடனும் பெருமிதத்துடனும்—"

[இங்கேயே விட்டுவிட்டேன். ஒரே வாக்கியத்தில் மூன்று "பெரு". மூச்சு வாங்கியது.]

இரண்டாவது:

"மழை எல்லோருக்கும் சமமாகப் பெய்வதில்லை."

[நல்ல வரி. ஆனால் உண்மையா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கதையின் பிரச்சினையே அதுதான் என்பதால், அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.]

மூன்றாவது:

"அவள் உயரம் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. வகுப்பில் எல்லோரும் அவளை மில்லிமீட்டர் என்று கூப்பிட்டார்கள்."

இது எனக்குப் பிடித்திருந்தது. பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. காலையில் எதிரே வந்தால் யாரும் "நலமா" என்று கேட்பார்கள் இல்லையா, அவள் "நேத்து பதினாலு மில்லிமீட்டர்க்கா" என்பாள். எதில் பதினாலு என்று கேட்கவே வேண்டாம். அவளுக்கு மழையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. இவளையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

3

அவள் செய்த ஆய்வைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பயப்படாதீர்கள், எளிதுதான்.

நகரத்தின் ஒரு பகுதி. நடுவில் பதினெட்டு மாடிக் கட்டடம், நான்கு பக்கமும் கண்ணாடி. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் பன்னிரண்டு மொட்டை மாடிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி வைத்தாள். மழைமானி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வாய் அகன்ற ஒரு பிளாஸ்டிக் குழாய், பக்கத்தில் கோடுகள். மழை விழும், தண்ணீர் நிற்கும், எந்தக் கோடு வரை நிற்கிறது என்று பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை பார்த்தால் அது இரவு மழை. மாலை ஆறு மணிக்குப் பார்த்தால் அது பகல் மழை. பார்த்த கையோடு தண்ணீரைக் கொட்டிவிட்டு, எண்ணை ஃபோனில் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

பன்னிரண்டு மாடிக்காரர்களையும் அவளே போய்ப் பேசி மடக்கினாள். ஒரு பல் டாக்டர், ஒரு தச்சர், ஒரு டியூஷன் டீச்சர் என்று விதவிதமான ஆட்கள். பல் டாக்டரை மடக்க ஒரு பல்லையே பிடுங்கிக்கொண்டாள் என்று வகுப்பில் பேச்சு.*

* பிடுங்கியது உண்மை. சொத்தைப் பல். எப்படியும் போக வேண்டியதுதான்.

நான்கு மாதம் எண்கள் வந்துகொண்டே இருந்தன. பதினொரு மாடிகளில் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. ஏழாம் எண் மழைமானி மட்டும் அடம் பிடித்தது. அது கண்ணாடிக் கட்டடத்துக்கு நேர் பின்னால், ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது. அங்கே இரவு மழை மற்ற இடங்களைப் போலவே பெய்தது. பகல் மழை மட்டும் கால் பங்குகூட இல்லை.

மில்லிமீட்டர் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு விளக்கத்தோடு வந்தாள். பகலில் வெயில் பட்டுக் கண்ணாடிக் கட்டடம் சூடாகிறது. சூடான காற்று மேலெழுந்து, அந்தத் தெருவில் விழ வேண்டிய மழையை ஒதுக்கித் தள்ளிவிடுகிறது. இரவில் கட்டடம் ஆறிவிடுவதால் மழை ஒழுங்காக விழுகிறது. ஒரு கட்டடம் ஒரு தெருவின் பகல் மழையைத் தின்கிறது!

தலைவர் "அடடா" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். நானும்தான். மாணவர் மாநாட்டில் முதல் பரிசு. ஒரு சான்றிதழ், ஒரு சுவர்க் கடிகாரம். அதைவிடப் பெரிது, அடுத்த மாதம் பெரிய ஆய்வாளர்கள் கூடும் மாநாட்டில் பேச அரை மணி நேரம். எங்கள் துறையில் எந்த மாணவருக்கும் இதுவரை கிடைக்காத அரை மணி நேரம் அது. அவள் அப்பா பஸ் டிரைவர். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஹாலில் ஆணி அடித்து மாட்டி, அதன் பக்கத்தில் தான் நின்று படம் எடுத்து, டிப்போவில் இருக்கும் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

ஒரு பக்கம் எழுத இது போதும். இங்கேயே முடித்திருந்தால் எனக்கும் நிம்மதி, தலைவருக்கும் நிம்மதி.

4

ஒரு புதன்கிழமை காலை மில்லிமீட்டர் கருவி அறைக்கு வந்தாள். வழக்கமாக வாசலில் தலை இடிக்கும். அன்றைக்கு இடிக்கவில்லை. அவ்வளவு குனிந்து வந்தாள்.

"அக்கா, ஒன்னு கேக்கட்டா? சிரிக்கக் கூடாது."

"கேளு."

"மேகத்துக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மேசையில் ஒரு தாளை விரித்தாள். மாநாட்டுக்காக எண்களைக் கிழமை வாரியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். நான்கு மாதத்தில் இருபத்தெட்டு நாள் பகல் மழை. அதில் இருபத்து மூன்று நாள் ஏழாம் எண்ணில் மழை குறைவு. மீதி ஐந்து நாள் மற்ற எல்லா மாடியையும் போலச் சரியான மழை. அந்த ஐந்தும் ஞாயிற்றுக்கிழமை.

"ஞாயித்துக்கிழமை மட்டும் கட்டடம் சூடாகாதா என்ன?" என்றேன்.

"ஆஃபீஸ் லீவு, ஏசி ஓடாது, அதனால வெளிய தள்ற சூடு கம்மின்னு எழுதலாம். நேத்தே எழுதிப் பாத்துட்டேன். நல்லா வருதுக்கா. படிச்சா யாரும் தலையாட்டுவாங்க." தாளைத் திருப்பி வைத்தாள். "அதான் பயமா இருக்கு."

எனக்கு அவளை அப்போது ரொம்பப் பிடித்தது. இதைக் கதையில் வேறு விதமாகச் சொல்ல ஐந்து வாக்கியம் எழுதிப் பார்த்தேன். எதுவும் சரியில்லை. ரொம்பப் பிடித்தது, அவ்வளவுதான்.

"போய்க் கேட்டுட்டே வந்துடலாம் வா. எப்படியும் மழைமானிய எல்லாம் திரும்ப வாங்கணும்" என்றேன்.

5

(இந்தப் பகுதியில் நான் எதையும் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் நம்பும்படியாகச் செய்திருப்பேன்.)

சலவைக் கடை அகலம் இல்லை, நீளம் அதிகம். உள்ளே நுழைந்ததும் இஸ்திரி போட்ட துணியின் சூடான வாசனை. சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்கப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் நூலில் கோத்த எண் சீட்டு. லாண்டரி அம்மா மேசையில் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை அமுக்கிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் மூலையில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா வா! பரிசு வாங்கிட்டியாமே! மேடமும் வந்திருக்கீங்களா, உக்காருங்க. என்னங்க, அந்த ஸ்டூல எடுத்துப் போடுங்க."

செய்தித்தாள் அசையவில்லை. அந்த அம்மாவே ஸ்டூலை எடுத்துப் போட்டார். பிறகு தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கினார். வெள்ளைத் துண்டில், குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றி வைத்திருந்தார். பிரித்தால் ஏழாம் எண் மழைமானி. பளபளவென்று இருந்தது. பத்தொன்பது வருடத்தில் என் அறையிலிருந்து போன கருவி எதுவும் போனதைவிடச் சுத்தமாகத் திரும்பியதில்லை.

"மாடில இல்லையாம்மா?" என்றாள் மில்லிமீட்டர்.

"மழை வர்ற மாதிரி இருக்குல்ல? இப்பதான் எடுத்துட்டு வந்தேன்."

"எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?"

"எதுக்கா? நனைஞ்சிடாது?"

நான் மில்லிமீட்டரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மழைமானியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாண்டரி அம்மா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். "எங்க பொழப்பே அதுதானே. முதல் துளி விழுந்தா கூடையத் தூக்கிட்டு மாடிக்கு ஓடணும். பதினோரு கொடி துணி. இதையும் அதோட சேத்துக் கூடைல போட்டு எடுத்துட்டு வந்துடுவேன். ஒரு நாள் தவறவிட்டதில்ல. ஓடறதுக்குள்ள நாலு சொட்டு உள்ள விழுந்துடும், என்ன பண்றது. அதையும் ஒளிக்காம அப்படியே அனுப்பிடுவேன்."

"ராத்திரி?" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "அதான் மேடம், ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். ராத்திரி நான் தூங்கிடறேன். மழை பேஞ்சது தெரியறதில்ல. காலைல போய்ப் பாத்தா, பாவம், நிறைஞ்சு நிக்கும். தப்புதான். ஆனா கொட்டிட்டு நல்லாத் துடைச்சிடுவேன், ஈரம் இருக்காது."

"ஞாயித்துக்கிழமை?" இது மில்லிமீட்டர்.

"அன்னிக்கு நான் மக வீட்டுக்குப் போயிடுவேன். இந்த மனுஷன்தான் பாக்கணும். பாத்தாரான்னு கேளுங்க. நனைய விட்டுட்டு உக்காந்திருப்பார்!"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து முதல் தடவையாகச் சத்தம் வந்தது. "மழைய அளக்கற சாமான மழைலதான் வெக்கணும்."

"நீங்க சும்மா இருங்க. எதையும் படிக்கறதில்ல, பேச வந்துடுவீங்க." சொல்லிவிட்டு லாண்டரி அம்மா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். கசங்காமல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. "இந்தா, இதுல எழுதியிருக்கு பாருங்க. மூணாவது விதி."

எழுதியிருந்தது. நீல மையில் கோடுகூடப் போட்டு வைத்திருந்தார்.

"கருவியை எக்காரணம் கொண்டும் மழையில் நனைய விடக் கூடாது."

6

அந்த வாக்கியத்தை எழுதியது நான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன், வேலையில் சேர்ந்த முதல் மாதம். ஒரு மாணவன் நில அளவைத் தொலைநோக்கியைத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டு வந்து வைத்தான். அந்தக் கோபத்தில் உட்கார்ந்து ஒரு கருவிப் படிவம் தயாரித்தேன். ஆறு விதிகள், கீழே கையெழுத்துக்கு இடம். அன்றிலிருந்து எந்தக் கருவி வெளியே போனாலும் அந்தப் படிவம்தான். மழைமானிக்கும் அதுதான். பன்னிரண்டு பிரதி எடுத்து நானே மில்லிமீட்டர் கையில் கொடுத்தேன்.

யோசித்துப் பாருங்கள். மழைமானியை மழையில் நனைய விடக் கூடாது என்று ஒரு தாள். அதை அச்செடுத்தது நான். வீடு வீடாகக் கொண்டு போனது மில்லிமீட்டர். மேற்கையெழுத்துப் போட்டது துறைத் தலைவர். வாங்கிக் கையெழுத்துப் போட்டவர்கள் பன்னிரண்டு பேர். இத்தனை பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. காரணம், யாரும் படிக்கவில்லை. படித்த ஒரே ஆள் லாண்டரி அம்மா. அவர் சிரிக்காமல், சொன்னபடி செய்தார்.

"யாரு எழுதினாங்களோ, ஆறும் அழகாப் புரியற மாதிரி எழுதியிருந்தாங்க" என்று வேறு சொன்னார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு அடியில், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஒரு சந்தோஷம். ஏழு கதை எழுதி வராத வாசகி ஒரு படிவத்துக்கு வந்திருக்கிறார்! அதுவும் ஒரு பெண்ணின் அரை மணி நேரத்தைக் கெடுத்து வந்திருக்கிறார். சந்தோஷத்தை அப்போதைக்கு ஓரமாக வைத்தேன்.

பஸ் நிறுத்தத்தில் மில்லிமீட்டரிடம் சொன்னேன், படிவம் என்னுடையது என்று. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு "மூணாவது விதி" என்றாள். உதடு துடித்தது. சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு பார்த்தால் அவள் கன்னம் ஈரமாக இருந்தது.

"அப்பா ஃப்ரேம் போட்டுட்டாருக்கா" என்றாள்.

7

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் கிடைத்தன.

முடிவு அ. நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஏசி விளக்கம் ஆய்வில் ஏறுகிறது. பெரிய மாநாட்டில் கைதட்டல். அவள் மேடையிலிருந்து என்னைத் தேடுகிறாள், நான் கடைசி வரிசையில்—

[விட்டுவிட்டேன். அந்தக் கைதட்டலை எழுதும்போது என் கையே கூசியது.]

முடிவு ஆ. துறைத் தலைவர் வில்லனாகிறார். "வெளியே தெரிந்தால் துறையின் மானம் என்ன ஆவது?" என்று மேசையைத் தட்டுகிறார்.

[கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்பதால் ரொம்ப முயற்சி செய்தேன். ஆள் ஒத்துழைக்கவில்லை. டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் குடிக்கிற மனிதர். மேசையைத் தட்டினால் அவருக்குத்தான் கை வலிக்கும்.]

முடிவு இ என்பது நடந்தது. தலைவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு மூன்றாவது விதியை வாய்விட்டுப் படித்தார்.

"நானும் படிக்கல போல" என்றார்.

"யாரும் படிக்கல சார்" என்றேன்.

அவர் மில்லிமீட்டரைப் பார்த்தார். "இதை நீ சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா."

"எனக்குத் தெரியும் சார்."

"அது சரி." கொஞ்ச நேரம் மேசைமேல் விரலால் கோலம் போட்டார். "ரெண்டு மாநாட்டுக்கும் லெட்டர் எழுது. நானும் கையெழுத்துப் போடறேன். இந்தத் தடவை படிச்சிட்டு."

மாணவர் மாநாட்டுக்காரர்கள் சான்றிதழைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். கடிகாரத்தை வைத்துக்கொள்ளலாமாம். சட்டத்தைப் பிரித்துச் சான்றிதழை எடுத்தவர் அவள் அப்பாதான். எடுத்துவிட்டு, "ஆணி அடிச்சது அடிச்சாச்சு, அத எதுக்கு வீணாக்கணும்" என்று அதே இடத்தில் கடிகாரத்தை மாட்டிவிட்டாராம். டிப்போவில் கேட்டவர்களிடம், "என் பொண்ணு கண்டுபிடிச்சத அவளே தப்புன்னு கண்டுபிடிச்சிட்டா, ரெண்டு கண்டுபிடிப்பு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

பெரிய மாநாட்டிலிருந்தும் பதில் வந்தது. மாதக் கடைசிக்குள் ஒரு பகல் மழையையாவது முறையாக அளந்து அனுப்ப வேண்டும். ஏழாம் எண்ணில் அப்போதும் மழை குறைவாக இருந்தால் அரை மணி நேரம் அவளுக்கு. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு.

"அப்போ கட்டடம் மழையத் தின்னுறது நெஜமாவும் இருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"இருக்கலாம்க்கா. இல்லாமலும் இருக்கலாம். இன்னும் யாருமே அளக்கலையே!" என்றாள். அப்படிச் சொன்னபோது பழையபடி வாசலில் தலையை இடித்துக்கொண்டாள். எனக்கு உயிர் வந்தது.

8

புதிய படிவத்தை நானே எழுதினேன். மழைமானிக்கென்று தனியாக. இதுவரை நான் எழுதியதில் அதிகம் திருத்தி எழுதியது அதுதான். மூன்றாவது விதி: "மழைமானியை மழையில் நனைய விட வேண்டும்."

பழைய பதினொரு பேரும் இம்முறையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். லாண்டரி அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறையும் படித்தார். மூன்றாவதை இரண்டு தடவை படித்தார்.

"நெஜமாவா மேடம்?"

"நெஜமா."

"காத்தடிச்சா?"

"அப்பவும்."

"இடி இடிச்சா?"

"நீங்க மட்டும் கீழ வந்துடுங்க."

செய்தித்தாள் ஒரு தடவை லேசாகக் குலுங்கியது. அந்த அம்மா அந்தப் பக்கம் திரும்பாமலே, "சிரிச்சது போதும்" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு மூன்று வாரம் மழை எங்களோடு விளையாடியது. பெய்ததெல்லாம் இரவில் பெய்தது. பகலில் வெயில் காய்ந்தது. மில்லிமீட்டர் யாரைப் பார்த்தாலும் "பூஜ்யம்க்கா" என்றாள்.

இன்றைக்கு மாதத்தின் கடைசி நாள். வெள்ளிக்கிழமை. துறைத் தலைவரின் பக்கத்துக்கும் இன்றுதான் கடைசி நாள். மதியம் மூன்று மணி வரை நான் இந்தக் கதையின் ஆறாம் பகுதியில் இருந்தேன். நான்கு மணிக்குக் கருவி அறையின் ஜன்னல் இருண்டது. நான்கு இருபதுக்கு மழை பிடித்துக்கொண்டது. மில்லிமீட்டர் வகுப்பிலிருந்து ஓடி வந்து, நனைந்த தலையோடு என் எதிரே முக்காலிப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

நான்கு இருபத்தைந்துக்கு ஃபோன் அடித்தது. லாண்டரி அம்மா. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"மேடம், துணியெல்லாம் எடுத்தாச்சு. அதை மட்டும் விட்டுட்டு வந்துட்டேன்."

"ரொம்ப நல்லதும்மா."

"படிக்கட்டுக் கதவுகிட்டதான் நிக்கறேன். இங்கேருந்து பாத்தாலே தெரியுது." மழைச் சத்தத்துக்கு நடுவில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. "கை பரபரங்குது மேடம். பாவமா இருக்கு. தனியா நனையுது."

மில்லிமீட்டர் ஃபோனுக்கு அருகில் வாயைக் கொண்டுபோய், "நனையட்டும்மா" என்றாள்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரி கண்ணு. நான் கூடவே நிக்கறேன்" என்றார். வைக்கவில்லை. ஒன்றரை மணி நேரமாக அந்த மாடியின் மழைச் சத்தம் என் மேசைமேல் பெய்துகொண்டிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டேதான் ஏழாம் பகுதியையும் எட்டாம் பகுதியையும் எழுதினேன். எழுதும்போது இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஐந்து ஐம்பதுக்கு மழை விட்டது. ஆறு மணிக்கு எண்கள் மில்லிமீட்டரின் ஃபோனில் வர ஆரம்பித்தன. பல் டாக்டர், இருபத்து மூன்று. தச்சர், இருபத்து நான்கு. டியூஷன் டீச்சர், இருபத்து மூன்று. ஒவ்வொன்றாகத் தாளில் குறித்தாள். பதினொன்று வந்துவிட்டது. ஏழாம் எண் மட்டும் பாக்கி.

"இதோ கிட்டப் போறேன்" என்று லாண்டரி அம்மாவின் குரல் கேட்டது. காலடிச் சத்தம். பிறகு, "பாத்துட்டேன்! எழுதி அனுப்பறேன், சத்தமா சொன்னாத் தப்பாயிடப் போகுது" என்று வைத்துவிட்டார். மில்லிமீட்டரின் ஃபோன் ஒரு தடவை அதிர்ந்தது.

அவள் எடுத்துப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அதைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தன் நீண்ட கையை வைத்துக்கொண்டாள்.

"முதல்ல நீங்க கதையை முடிங்க" என்றாள். "ஒரு மழைய வெச்சுப் பெருசா எதுவும் சொல்ல முடியாதுக்கா. ஆனா குறைஞ்சிருந்தா நான் போறேன். சமமா இருந்தா வேற யாரோ போவாங்க. எதுவா இருந்தாலும் இது நெஜமா விழுந்த மழை. எனக்கு அது போதும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் கவிழ்த்த ஃபோனின்மேல் இருந்த விரல்கள் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தன.

தலைவர் வாசலில் எட்டிப் பார்த்து, "பக்கம் ஆச்சா?" என்றார். ஆச்சு என்று ஒரு தாளை நீட்டினேன். "மாணவர் ஆய்வுகளும் சாதனைகளும்" என்ற தலைப்புக்குக் கீழே ஒரே வரி எழுதியிருந்தேன்: "ஏழாம் எண் மழைமானி இன்று பகலில் முதன்முறையாக முழுசாக நனைந்தது."

மில்லிமீட்டர் எட்டிப் பார்த்து, "தப்புக்கா" என்றாள். "ஞாயித்துக்கிழமையெல்லாம் நனைஞ்சிருக்கு." பேனாவை வாங்கி, "வேலை நாளில்" என்று நடுவில் சேர்த்தாள். தலைவர் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மழைமானி எண் 7. பகல் மழை: ............ மி.மீ.

இடத்தை விட்டிருக்கிறேன். எண்ணை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் போக வேண்டும் என்று நினைத்தால் சின்னதாக, மழை எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைத்தால் பெரியதாக. ஆனால் தங்கச்சி, நீ பேனாவைக் கீழே வை. முதல் பத்தியிலிருந்து நேராக இங்கே குதித்திருப்பாய், எனக்குத் தெரியும். மூன்றாவது விதி என்ன என்று தெரிந்தவர்கள் மட்டும்தான் இங்கே கை வைக்கலாம்.